சாவியை வாங்கிக்கொண்ட வாட்ச்மேன்

கொட்டச்சேடு தாண்டி குப்பனூருக்கு இறங்கும் மலைச்சாலையில், ஒரு எஸ்டேட் கேட்டின் வாட்ச்மேன் அவர். காக்கிச் சட்டை, காதை மூடிய மப்ளர், யாரையும் நேராகப் பார்க்காத கண். அந்தக் கண்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மலையில் சின்ன பைக் வைத்திருக்கும் பலரையும் போல, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நானும் இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு வந்தேன். கைகாட்டி நிறுத்தினார். விரலை எச்சிலில் நனைத்துப் பின்சக்கர பிரேக் டிரம்மில் வைத்தார். சுர்ரென்றது.

"சாவியக் குடுங்க."

"எதுக்குங்க?"

"ஆறட்டும். அப்பறம் தர்றனுங்க."

சாலையில் ஈ காக்கை இல்லை. என் வண்டியோ இரண்டு பேர் தூக்கி வேனில் போட்டுவிடும் எடை. பயத்தில்தான் கொடுத்தேன். அவர் டேங்குக்குக் கீழே குனிந்து இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். பெட்ரோல் டியூப் மேல்தான் கண் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலை நனைத்து வைத்தார். சத்தமில்லை. சாவியை நீட்டினார்.

"எறக்கத்துல பிரேக் சூடேறுனா பிடிக்காதுங்க. இஞ்சின ஓடவுட்டு ரெண்டாவது கியர்லயே எறங்குங்க. என்னைய நம்பலீன்னாலும் சரிங்க, பிரேக்க மட்டும் நம்பீராதீங்க."

குப்பனூரில் நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தேன். பெட்ரோல் குறையவில்லை.

இப்போதெல்லாம் இஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்கும்படி இரண்டாவது கியரில்தான் அந்தக் கேட்டைக் கடக்கிறேன். நேராகப் பார்க்க முடியாதவன் இப்போது நான்தான்.