பஸ் ஏறும் நாளுக்கு மட்டும்

என் வீட்டுக்காரர் செத்தது விதியால் என்று ஊரே சொல்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விதியாவது மண்ணாவது.

மலைமேல் நாகலூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. ஏணி போட்டு மிளகு பறிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தபோதுதான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனார். கையில் பட்டை சுற்றிப் பார்த்த நர்சம்மா முகம் மாறிவிட்டது.

"பிரஷர் நொம்ப இருக்குதுங்க. தெனமும் மாத்திரை போடோணும். உட்டுட்டீங்கன்னா மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கும், இல்லீனா வெடிச்சுரும். ஆளையே கொண்டு போயிருமுங்க."

எங்கள் மலையில் பிரஷருக்கு வேறு கணக்கு. சேலத்துக்கு பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கும்போது காது அடைக்கும், தலை சுற்றும். அதுதான் பிரஷராம். அதனால் மாத்திரையும் பஸ் ஏறும் நாளுக்கு மட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு மாத்திரை கிள்ளிக் கொடுப்பார்கள். இவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

"ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?"

"நா இன்னைக்கு எங்க புள்ள போறேன்? தோட்டத்துக்குத்தான?"

"நர்சம்மா தெனமும் போடச் சொன்னாங்கல்லங்க?"

"அந்தம்மா கீழ இருந்து வந்தவங்க. மலையப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

கத்தினேன், அழுதேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எங்கேயும் வலிக்கவில்லை அவருக்கு. வலிக்காத நோயை அவர் மதிக்கவே இல்லை.

காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் ஒரு காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காற்றுப் பட்டுவிட்டது, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். நான் போட்ட கூச்சலில்தான் யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். மலை இறங்கி முடிப்பதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் போய்விட்டார்.

மூளையில் ரத்தக்கசிவு என்றார் சேலத்து டாக்டர். மாத்திரையை விடாமல் போட்டிருந்தால் அநேகமாக இந்த நிலைக்கு வந்திருக்காது என்றும் சொன்னார். என் கொழுந்தனார் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்கும் பிரஷர் உண்டு.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். கொழுந்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அண்ணி, அண்ணனோட மாத்திரை மிச்சம் இருக்குதுங்களா? பஸ்ஸுல போறேனுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையோடு அவர் முகத்தில் விட்டெறிந்தேன். குனிந்து எடுத்தார். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.