ஒரு பூவுக்கு இரண்டு கைகள்

எங்கள் கொங்கு நாட்டில் பெண் எடுத்தாலும் சரி, கிணறு வெட்டினாலும் சரி, முதலில் ஆத்தாளிடம் பூ கேட்போம். அம்மன் சிலையின் இரு தோள்களிலும் ஈரப் பூவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கேள்வியை மனசுக்குள்தான் கேட்க வேண்டும், அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கல்லுக்கு முன்னால் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை வெள்ளி. காலை ஆறு பத்துக்கு நானும் என் மகள் கவிதாவும் எங்கள் ஊர் கணபதியில் சத்தி போகும் பஸ் ஏறினோம். அன்னூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். கணபதியில் எனக்கு இரண்டு லேத் ஓடும் மோட்டார் பட்டறை. கவிதா முந்தின வருஷம்தான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பேச வருவதாக இருந்தது. தறிக்கூடம் வைத்திருக்கும் நல்ல குடும்பம். ஆத்தாள் உத்தரவு கொடுத்தால் முடித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தேன்.

கோவில்பாளையத்தில் பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா, கவிதா மடியிலிருந்த தேங்காய்ப் பழத் தட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, பூக் கேக்கப் போறீங்களா?" என்றவர், இரண்டு செவ்வரளியை எடுத்துத் தட்டில் வைத்தார். "நல்ல உத்தரவா வரட்டும் அம்மணி."

காசு நீட்டினேன். முறைத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

ஏழரைக்கு அன்னூர். அங்கிருந்து சோளக்காடுகளின் நடுவே நான்கு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கவிதா நின்றாள்.

"அப்பா, அதுல பேரிங் போயிருச்சுங்க. இன்னும் ஒரு வாரம் தாங்காது."

எனக்கும் அதுதான் கேட்டது. ஆனால் எனக்கு அந்தக் காது வர முப்பது வருஷம் ஆனது. உள்ளூரப் பூரித்துப்போனேன். வெளியே, "ஊரான் மோட்டார் நமக்கெதுக்கு, நட" என்றேன்.

கோயில் சின்னது. கோபுரம் கிடையாது, ஓட்டுக் கூரைதான். முழ உயரக் கருங்கல் அம்மன், ஒரு எண்ணெய் விளக்கு. பெரிய கோயில்களைப் பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா?' என்பார்கள். இவ்வளவுதான். பூசாரி இரண்டு அரளிகளையும் தண்ணீரில் முக்கித் தோள்களில் வைத்ததும் மூச்சு விடுவதற்கே பயமாக இருந்தது. யாரோ நம்மை உற்றுப் பார்க்கிறார்கள் என்று உடம்புக்குத் தெரிந்தது. கால்மணி நேரத்தில் வலப்பக்கப் பூ விழுந்தது.

"யாரு கேட்டதுங்க? கை நீட்டுங்க" என்றார் பூசாரி.

நான் நீட்டினேன். பக்கத்தில் கவிதாவும் கை நீட்டியிருந்தாள்.

பூசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பூவை எடுத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார்.

"ஒரு பூவுக்கு ஒரு கேள்விதானுங்க. இது செல்லாது. வெளிய போயி ஒண்ணாப் பேசிப்போட்டு வாங்க."

வெளியே வந்தோம். "நீ என்ன கண்ணு கேட்ட?" என்றேன்.

"பட்டறைக்கு வரலாமான்னு கேட்டனுங்கப்பா. லேத்துல நிக்கோணுமுங்க. கல்யாணம் இப்ப வேண்டாமுங்க."

"இத ஊட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவ சொன்னனுங்க. உங்களுக்கு மோட்டார் சத்தத்துல கேக்கலீங்க."

நான்கு வயல் தள்ளித் தேய்ந்த பேரிங் கேட்கிற காது இது. பட்டறைக்குள்ளேயே மகள் பேசியது கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"உன்னோட கேள்வியவே கேளு கண்ணு" என்றேன்.

"இடப்பக்கம் உழுந்தா ஞாயித்துக்கெழம நீங்க சொல்றபடி கேக்கறனுங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான், என் வீட்டுப் பெண்.

ஒன்பதே முக்காலுக்குப் பூசாரி மறுபடியும் பூ வைத்தார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். இடத்தோள் பூ மெல்ல நழுவி விளிம்பில் தொங்கியது. கவிதாவின் முதுகு விறைத்தது. ஆத்தா, வலது, ஆத்தா, வலது என்று என் மனசு அடித்துக்கொண்டது. எதைக் கேட்க வந்தவன் எதைக் கேட்டு நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருஷமாகக் கும்பிட்ட தெய்வம் அவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

வலப்பக்கப் பூ விழுந்தது.

"யாரு கேட்டதுங்க?" என்றார் பூசாரி. ஒரே ஒரு கை நீண்டது. நான் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவும் இல்லை.

திரும்பும்போது அந்தத் தோட்டத்து மோட்டார் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இந்த முறை நானே வரப்பில் இறங்கி, தோட்டக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"நல்லவேளைங்க, நாளைக்கு நடவு இருக்குது. மெக்கானிக்குங்களா நீங்க?"

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு நான்தான் முந்திக்கொண்டு தலையாட்டுவேன்.

"எம் பொண்ணுங்க" என்றேன்.

கவிதா பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்பானர் கேட்டாள்.