வாய்விட்டுக் கூப்பிட ஒரு பேர்

கல்பகம் தன் மூத்த மகனைக் கரண்டியால்தான் கூப்பிடுவாள்.

சாயங்காலம் அடுப்படி ஜன்னலருகே வந்து நிற்பாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். குழம்புக் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் காம்பால் ஜன்னல் கம்பியில் மெல்ல ஒரு தட்டு. பிறகு எல்லாக் கம்பிகளையும் உரசிக்கொண்டு ஓர் இழுப்பு. அந்த ஓசை குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பாறைகள் வரைக்கும் போகும். விளையாடிக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன் மட்டும் கோலிகளைப் பொறுக்கி டிராயர் பையில் போட்டுக்கொண்டு ஓடி வருவான். மற்ற பிள்ளைகளுக்குப் பேர் இருந்தது. இவனுக்குக் கரண்டி இருந்தது.

பேர் இல்லாமல் இல்லை. சக்ரபாணி. அது அவன் தாத்தாவின் பேர். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதுவான சட்டங்கள். இரண்டும் சேர்ந்தபோது, பெற்ற பிள்ளையின் பேர் கல்பகத்தின் தொண்டைக்குள்ளேயே குடியிருந்தது. கொஞ்சும்போது கண்ணா, ராஜா. கோபம் வந்தால் கட்டேலே போறவனே. நிலையாக ஒன்றும் இல்லை. அவள் கணவன் ஜகதீசனும் அப்பாவின் எதிரில் அந்தப் பேரைச் சொல்லக் கூசி, "டேய் பயலே" என்றே காலம் தள்ளினான். அந்த வீட்டில் "சக்ரபாணி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற உரிமை பெரிய சக்ரபாணி ஒருவருக்குத்தான் இருந்தது. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, செகந்திராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த மகனோடு வந்து தங்கிவிட்டார். பேரனைக் கூப்பிடும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். தன்னையே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறவர்போல.

அது அறுபத்தெட்டாம் வருஷம். டவுன்ஷிப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எல்லாப் பேரும் இருந்தது. எதிர் வரிசை வங்காளி வீட்டில் சுபாஷ். யூனியன்காரர் வீட்டில் லெனின். மராட்டிக்காரர் வீட்டில் திலக். பக்கத்து வீட்டு அப்துல் ரஹீம், ஜகதீசன் வேலை பார்த்த அதே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர்; அவர் பையன் சிக்கந்தர். பொழுது சாய்ந்ததும் ரஹீமின் மனைவி வாசலில் நின்று "சிக்கந்தர்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். காகங்கள் எழும்பும். கல்பகம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நிற்பாள்.

"என்ன பேர் பாய் அது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அலெக்சாண்டர் பாதுஷா பேர், பாபி. துனியாவையே ஜெயிச்சவன்" என்றார் ரஹீம். "என் பேகம் கூப்பிட்டா அவனே குதிரையை விட்டு இறங்கி வந்துடுவான்."

அந்த ஜனவரியில் எல்லோரும் நாம்பள்ளிக்கு நுமாயிஷ் பொருட்காட்சி பார்க்கப் போனார்கள். கல்பகத்துக்கு அப்போது வயிற்றில் ஆறு மாசம். பெரியவர் குடையோடு கைத்தறிக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வளையல் கடையில் கல்பகம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் பையன் இல்லை.

ஜகதீசன் குட்டி ரயில் ஓடும் பக்கம் தேடப் போனான். கல்பகம் அறிவிப்புக் கூடாரத்துக்கு ஓடினாள். அங்கே மைக் முன்னால் பீடா மென்றுகொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பச்சே கா நாம் போலோ அம்மா."

குழந்தை பேரைக் கேட்கிறார். கல்பகம் வாயைத் திறந்தாள். ஆறு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ராஜா" என்றாள்.

மைக்காரர் அறிவித்தார். ராஜா என்ற பையன் எங்கிருந்தாலும் கூடாரத்துக்கு வரவும். கொஞ்ச நேரத்தில் வாலண்டியர்கள் இரண்டு ராஜாக்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவனுக்கு மூக்கு ஒழுகிற்று. இன்னொருவன் பஞ்சு மிட்டாயை விடாமல் அழுதான். இருவரும் அவளுடையவர்கள் இல்லை.

"ராஜா இல்லே... கண்ணன்னும் கூப்பிடுவேன்."

மைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "மா ஹோகே நாம் நை மாலூம்? கைக்கு நை போல்ரே?"

பெற்றவளுக்குப் பேர் தெரியாதா, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுக் கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவளோ என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். வெளியே கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு காலும் தன் பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிக்கொண்டு போவதாகக் கல்பகத்துக்குத் தோன்றியது. அவள் மேஜையைச் சுற்றிப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"சக்ரபாணீ! டேய் சக்ரபாணீ! எங்கேடா தொலைஞ்சே? அம்மா கூப்பிடறேன்டா! அங்கே இங்கே நகராதே, நின்ன எடத்துலேயே நில்லு! சக்ரபாணீ!"

மைதானத்துக் கம்பங்களில் கட்டியிருந்த குழாய்கள் அத்தனையும் அதைச் சொல்லின. மிட்டாய்க் கடைக்கும் பீங்கான் கடைக்கும் ராட்டினத்துக்கும் மேலே, மரியாதை ஒட்டாத மொட்டைப் பேராக அது போயிற்று. நிறுத்த மனம் வரவில்லை அவளுக்கு. ஆறு வருஷம் சேர்த்துவைத்ததை எல்லாம் செலவழிக்கிறவளைப்போல இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று கூப்பிட்டாள். மைக்காரர்தான் கடைசியில், "பஸ் அம்மா, பஸ்", போதும் என்று கையைப் பிடித்தார்.

பையன் ஒரு போலீஸ்காரர் தோளில் வந்து சேர்ந்தான். பெரிய சக்ரபாணி கைத்தறிக் கடை முன்னால் இருந்தார். பெஞ்சில் இல்லை, எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர்கள் போய்ச் சேரும்வரை நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

மறுநாள் காலை காப்பி டம்ளரைத் தொடாமல் பெரியவர் மகனிடம் சொன்னார்:

"ஜகதீசா, உன் ஆத்துக்காரிகிட்டே சொல்லு. ஊரறிய என் பேரை ஏலம் விட்டாச்சு. பொறக்கப்போறது பிள்ளையா இருந்தா என் தோப்பனார் பேர், நாராயணஸ்வாமி. அதையாவது தெருவுக்கு இழுக்காம இருக்கச் சொல்லு."

நாராயணஸ்வாமி என்றால் மாமனாருக்கும் அப்பா. அதுவும் அவள் வாயில் வரக் கூடாத பேர். அந்த வம்சத்தில் எல்லாப் பேர்களையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அன்று மத்தியானம் கல்பகம் ஜகதீசனிடம் சொன்னாள். "இந்தத் தடவை நான் வாய்விட்டுக் கூப்பிடக்கூடிய பேர்தான். உங்காத்துலேயும் எங்காத்துலேயும் எவருக்கும் இல்லாத பேர்."

"அப்படி என்ன பேர் இருக்கு?"

"ஹானிபல்."

ஜகதீசன் சிரித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான். மாயவரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது சரித்திரப் பாடத்தில் கல்பகத்துக்குப் பிடித்த ஒரே ஆள் ஹானிபல். யானைகளை ஓட்டிக்கொண்டு பனிமலை ஏறினவன். மலையில் யானைக்குக் கால் சில்லிட்டிருக்குமே என்று அவள் பல நாள் கவலைப்பட்டிருக்கிறாள். ஜகதீசன் டவுன்ஷிப் லைப்ரரிக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் தயக்கத்தோடு வந்தான்.

"கடைசியிலே அவன் தோத்துட்டான்னு போட்டிருக்கே, கல்பகம்."

"ஜெயிச்சவா பேரெல்லாம் இந்தத் தெருவிலே தீந்து போச்சு" என்றாள் அவள். "ரோமாபுரிக்காரனைத் தூங்கவிடாம அடிச்சவன்னும் போட்டிருக்குமே, அதைப் படிச்சேளோ?"

ஏப்ரலில் பிள்ளை பிறந்தான். பதினோராம் நாள் செகந்திராபாத்திலிருந்து சாஸ்திரிகள் வந்தார். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி ஜகதீசன் முன்னால் வைத்தார்கள். அதில் பேரை எழுத வேண்டும். பிறகு குழந்தையின் காதில் சொல்ல வேண்டும். மோதிர விரலை அரிசியில் வைத்துக்கொண்டு ஜகதீசன் அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். விரல் அரிசியில் ஒரு குழி மட்டும் பண்ணிற்று.

"எழுதேன்டா. நாராயணஸ்வாமி" என்றார் பெரியவர்.

"எழுதப்படாது" என்றாள் கல்பகம்.

சாஸ்திரிகள் இந்த மாதிரி எத்தனையோ வீடு பார்த்தவர். "இதுக்கென்ன அம்மா, சாஸ்திரத்துக்கு ஒரு பேர், கூப்பிட ஒரு பேர். ரெண்டையும் வச்சுக்கோங்கோ. எல்லாராத்துலேயும் நடக்கறதுதானே."

"மூத்தவனுக்கும் இதைத்தான் சொன்னா, மாமா. கூப்பிடற பேர் எங்காத்து வாசப்படியைத் தாண்டலே. பள்ளிக்கூடத்துலே ஒரு பேர்தான் கேக்கறா. ஆஸ்பத்திரியிலே ஒரு பேர்தான் கேக்கறா. தொலைஞ்சு போனாலும் ஒரு பேர்தான் கேக்கறா. என் குழந்தை பேரை ஊரே சொல்லலாம், நான் மட்டும் கரண்டியைத் தட்டணுமா?"

"நாலு தலைமுறையா எல்லாப் பொம்மனாட்டிகளும் அப்படித்தான் இருந்தா" என்றார் பெரியவர். அவளிடம் நேராக அவர் பேசிய முதல் வார்த்தை, மூன்று மாதத்தில்.

"அவா யாரையாவது கேட்டேளா, பிடிச்சிருந்துதான்னு?"

கல்பகம் மடியில் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஜகதீசன் விரலை எடுத்துக்கொண்டான். அவன் அன்று செய்த ஒரே துணிச்சல் அதுதான். கல்பகம் அதற்காக அவனைக் கடைசிவரை மெச்சினாள். அரிசியில் அவள் ஹானிபல் என்று எழுதினாள். எழுதிவிட்டுக் காதோடு சொல்லவில்லை. வாசலில் நின்ற ரஹீம் வீட்டாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். குழந்தை திடுக்கிட்டு அழுதது.

பெரியவர் எழுந்தார். "இந்தப் பேர் இருக்கிற ஆத்துக்குள்ளே எனக்கு ஒரு வாய் ஜலம் கிடையாது."

குடையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். யார் போய் அழைத்தும் வரவில்லை. கல்பகம் கெஞ்சப் போகவில்லை. ஒரு கூஜாவில் தண்ணீர் நிரப்பி வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே வைத்தாள்.

"ஆத்துக்குள்ளேதானே கிடையாது. இது தெரு."

இருட்டும்போது கூஜா காலியாக இருந்தது. அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டும் வெளி வராந்தாவுக்குப் போயிற்று. கோடை முழுக்க அவர் அங்கேதான் சாப்பிட்டார், அங்கேதான் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். மழை பிடித்து வராந்தாவில் சாரல் அடித்த அன்று, தானாகவே கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கல்பகம் ரசத்தைச் சுடவைத்தாள்.

ஆனால் அந்தப் பேரை அவர் சொல்லவில்லை. "சின்னவன்" என்பார். டவுன்ஷிப் செக்யூரிட்டி "ஹனீஃப் பாய்" என்றான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தெலுங்கு கிளார்க், "இது என்ன பேரு அம்மா? ஹனுமந்தராவ்னு எழுதிடலாமா, பையனுக்கு நல்லது" என்று கருணையோடு கேட்டார். "ஹனுமாருக்கு எழுத ஊரெல்லாம் பிள்ளைகள் இருக்கா. இவனுக்கு நான் சொன்னதை எழுதுங்கோ" என்று அவர் எழுதி முடிக்கும்வரை மேஜையைவிட்டு அகலவில்லை அவள். சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் சிரித்தார்கள். சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்து, ஓய்ந்ததும் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூத்தவனையும் அவள் அதன் பிறகு பேர் சொல்லியே கூப்பிட்டாள், மாமனார் எதிரிலேயே. "சக்ரபாணி, தட்டை எடுடா" என்றால் செய்தித்தாள் ஒரு கணம் தாழும், மறுபடி உயரும்.

பெரியவர் எழுபத்தொன்பதாம் வருஷம் காலமானார். மருமகளும் மாமனாரும் கடைசிவரை சமாதானம் என்று உட்கார்ந்து பேசியதில்லை. அவர் தன்னை மன்னிக்கவில்லை என்றே கல்பகம் நினைத்திருந்தாள். அதற்காக அவள் வருந்தினதாகவும் தெரியவில்லை.

மீதியைச் சொன்னவர் ரஹீம். ஓய்வு பெற்றுப் பட்டான்செருவில் வீடு கட்டிக்கொண்டு போனவர், எண்பத்தாறில் சிக்கந்தரின் நிக்காஹ் பத்திரிகை வைக்க வந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த அந்த நாளில் பெரியவர் தன் கதையை அவரிடம் சொன்னாராம். தன் தாத்தாவின் பேரும் சக்ரபாணிதான். அதனால் தன் அம்மா தன்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்புறம் வந்தவள் மனைவி, அவளும் சொல்ல முடியாது. அறுபத்து மூன்று வயதில் நாம்பள்ளி மைதானத்தில்தான் ஒரு பெண் குரல் தன் பேரைச் சொல்வது முதல்முதலாகக் காதில் விழுந்தது என்றாராம். பிறகு ஒன்று கேட்டாராம்: அந்தக் குழாய்ச் சத்தம் மைதானத்தைத் தாண்டி மோஜம்ஜாஹி மார்க்கெட் வரைக்கும் போயிருக்குமா, பாய்?