ஐந்து நிமிடச் சாட்சியும் ஒரு காக்கிக் கோட்டும்

மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு உத்தியோகப் பட்டியலில் நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் காண்டா அண்ணன்தான். இருபத்திரண்டு வயதில் வடிகால் கழுவும் வேலைக்கு வந்தவர். மூன்று வருஷம் கழித்து, காண்டாமிருகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றபோது, "ரெண்டு நாள் சமாளிப்பா" என்று சாவியை இவர் கையில் திணித்தார்கள். அந்த இரண்டு நாள் இருபத்தாறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

காண்டாமிருகத்துக்கும் அறிவிப்புப் பலகையில் அழகான பெயர் இருந்தது. அண்ணன் அதைப் பெரியம்மா என்றுதான் அழைப்பார். "எங்க பெரியம்மா மாதிரியேதான். கண்ணு சரியா தெரியாது, மூக்குக்கு மேல கோபம் வரும், சாப்பாட்டு நேரம் மட்டும் தவறாது" என்பார். அந்தப் பெரியம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. காண்டாமிருகக் கணக்கில் அது நல்ல முதுமை.

காலை ஆறு மணிக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது சாணத்தை. அதன் நிறத்தையும் குவியலையும் பார்த்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவார். பிறகு கொட்டடியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார். பிறகு தவிட்டு உருண்டைகளைக் கம்பிக்கு இடையே கையை நீட்டி ஒவ்வொன்றாகக் கொடுப்பார். பெரியம்மாவின் மேலுதடு மடங்கி வந்து அவர் உள்ளங்கையைத் துழாவி உருண்டையை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை டன் உடம்புக்கு அவ்வளவு மென்மையான உதடு எதற்கு என்று அவருக்கு இருபத்தாறு வருஷமாகப் புரியவில்லை. புரியாவிட்டாலும் தினமும் அந்த நேரத்தில் மனம் நிறைந்துவிடும்.

வேலைக்கென்று அவரிடம் ஒரு காக்கிக் கோட்டு இருந்தது. பெரியம்மாவின் எச்சில், சேறு, சாணம் எல்லாம் அதன் மேல் தாராளமாகப் படும். சனிக்கிழமைதோறும் அதை வெறும் தண்ணீரில் அலசுவார், அவ்வளவுதான். சோப்புக் கட்டியை அதற்குக் காட்டியதே இல்லை. பெரியம்மாவின் பார்வைக்கு எதிரே நிற்பது மனிதனா மரமா என்பதே சந்தேகம். எல்லாம் மூக்குதான். அந்தக் கோட்டின் வாடைதான் அதற்கு அவருடைய முகம்.

இந்த வாடையோடு குடும்பம் நடத்தியவர் அவர் மனைவி. தையல் வேலை செய்பவர், படு சுத்தக்காரி. கோட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது கல்யாணமான வாரமே போட்ட சட்டம். பின்வாசலுக்கு வெளியே சுவரில் ஆணி அடித்து அதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தார். மிருகக்காட்சிசாலைப் பக்கம் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. மற்றபடி அவர்கள் நல்ல தம்பதி. சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

அவர்கள் போகும் தேவாலயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் சபையில் ஒருவர் தன் வேலையில் கடவுளைக் கண்ட அனுபவத்தை ஐந்து நிமிடம் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அந்த மாதப் பொருள், தேவனுடைய மகிமையும் படைப்பில் மனிதனின் இடமும். இவ்வளவு பெரிய வானத்தைப் படைத்தவர் இத்துனூண்டு மனிதனை ஏன் நினைக்கிறார், அவனிடம் ஏன் எல்லா உயிர்களையும் ஒப்படைத்தார் என்று போதகர் பிரசங்கம் செய்தார். முடிந்ததும் வாசலில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் நீங்கதான் பேசணும். இந்தப் பொருளுக்கு உங்களை விட்டா யாரு?"

காண்டாமிருகத்தின் முன் நிற்கப் பயமில்லாத அண்ணன், இருநூறு பேர் முன் நிற்பதை நினைத்தே வியர்த்தார். மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து இருவரும் ஒரு பக்கம் எழுதினார்கள். 'மனிதன் படைப்பின் ராஜா. சிங்கமும் யானையும் அவன் சொல் கேட்கும்' என்று அது ஆரம்பித்தது. அவர் சொல்லை வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை என்பதை மனைவி பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சபையில் பேசப்போகிறவர் நாற்றம் பிடித்த கோட்டோடு தெருவில் போய் வரலாமா என்று மனைவிக்குத் தோன்றியது. புதன்கிழமை அண்ணனுக்கு வார விடுமுறை; காலையில் தீனி மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அதன் பிறகு அவர் வெளியே போயிருந்த நேரத்தில் மனைவி கோட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை சோப்புத் தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்தார். ரப்பர் பூட்ஸையும் விடவில்லை. வெயிலில் காய்ந்த கோட்டு பூக்கடை போல மணத்தது. மனைவியின் விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

அந்த விரல்களைப் பார்த்த அண்ணனுக்கு வாய் திறக்க மனசு வரவில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் குரல் கேட்டதும் பெரியம்மா வழக்கம் போல எழுந்து வந்தது. நான்கடி தூரத்தில் நின்று மூக்கை உயர்த்தியது. உடனே உறுமிக்கொண்டு பின்வாங்கி, தலையைத் தாழ்த்திக் கம்பியில் வந்து முட்டியது. காது ஆமென்றதை மூக்கு இல்லையென்றது. கோட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பூட்ஸும் மணத்தது. வெறுங்காலோடு போனார். அந்த வாசனை அதற்குள் கொட்டடித் தரையிலும் தவிட்டு வாளியிலும் ஒட்டியிருந்தது. மற்ற பணியாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களை அது என்றைக்குமே மதித்ததில்லை. கோட்டை எத்தனை தடவை அலசியும் வாசனை போகவில்லை; வெள்ளிக்கிழமையும் பெரியம்மா ஒரு வாய் எடுக்கவில்லை.

சனிக்கிழமை கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "மூணு நாள் ஆச்சு. நாளைக்குக் காலைல சாப்பிடலன்னா மயக்க ஊசி போட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்தணும்" என்றார்.

"ஊசி போட்டா எழுந்துடும்ல டாக்டர்?"

"இந்த வயசுல உறுதியா சொல்ல முடியாது அண்ணே."

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. மூன்று நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாட்சி சொல்லும் பயம் என்றுதான் மனைவி நினைத்திருந்தார். இப்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவியின் முகம் வெளுத்தது. "சோப்பு ஆகாதுன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன்."

"எப்ப?"

"கல்யாணமான வருஷம்."

"அது துவைக்கச் சோம்பேறித்தனப்பட்டுச் சொல்ற சாக்குன்னு நெனச்சேன்" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "காலைல நானும் வரேன்" என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தேவாலயத்துக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, மனைவி முதல்முறையாக அந்தக் கொட்டடியின் பின்கட்டுக்குள் வந்தார். கம்பிக்கு அப்பால் பெரியம்மா சுவரோரம் படுத்திருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. மருத்துவர் ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மனைவி அந்த மிருகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"இதோட சாணம் எங்க போட்டு வச்சிருக்கீங்க?"

அண்ணன் மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினார். பழைய சாணமும் குட்டைச் சேறும் அதில் கிடந்தன. மனைவி புடவையை ஏற்றிச் செருகினார். கோட்டை வாங்கித் தொட்டிக்குள் போட்டு, இரண்டு கையாலும் பிசைந்தார், புரட்டினார், மறுபடி பிசைந்தார். அண்ணன் பதறிப்போய், "விடும்மா, நான் செய்யறேன்" என்று கிட்டே போனார்.

"நான் கெடுத்தது. நான்தான் சரி பண்ணணும்" என்றார் மனைவி. மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்த ஒரு கையும் சுத்தமாக இல்லை.

சொட்டச் சொட்ட இருந்த கோட்டை அண்ணன் மாட்டிக்கொண்டார். வேறு வாளியில் புதிதாகப் பிசைந்த தவிட்டு உருண்டையை எடுத்துக்கொண்டு, "பெரியம்மா" என்று கூப்பிட்டார். காது அசைந்தது. மூக்கு உயர்ந்தது. நெடுநேரம் மோந்தது. மெல்ல முன்னங்காலை ஊன்றி எழுந்து, ஒவ்வொரு அடியாக வந்து, கம்பிக்கு இடையே உதட்டை நீட்டியது. உள்ளங்கையைத் துழாவி உருண்டையை எடுத்தது. அண்ணன் அழுதுவிட்டார். மருத்துவர் பெட்டியை மூடினார்.

முழு வாளியும் காலியாகும் வரை அவர் நகரவில்லை. அப்போது மணி ஒன்பதரை. ஆராதனை ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. குளிக்க நேரமில்லை, எழுதிய காகிதம் வீட்டில். இருவரும் அப்படியே போனார்கள். நடுவரிசையில் அவர்கள் உட்கார்ந்ததும் அந்த பெஞ்சு மரியாதையாகக் காலியானது. போதகர் அவர் பெயரைச் சொன்னபோது, அவர் கோட்டோடு முன்னே போய் நின்றார்.

"எழுதினது வீட்ல இருக்கு. மனுஷன் ராஜான்னு எழுதியிருந்தேன்" என்று ஆரம்பித்தார். "என் பொறுப்புல ஒரு காண்டாமிருகம் இருக்கு. மூணு நாளா சாப்பிடல. எனக்கும் சோறு இறங்கல. அதுக்கு என் பேர் தெரியாது. நன்றி சொல்லத் தெரியாது. நேத்துகூட முட்ட வந்துச்சு. ஆனாலும் அதை நெனைக்காம இருக்க முடியல. கடவுள் நம்மள ஏன் நெனைக்கிறாருன்னு போன வாரம் பாஸ்டர் கேட்டார். ஏன்னு எனக்கும் தெரியல. ஆனா எப்படி நெனைப்பாருன்னு கொஞ்சம் தெரிஞ்சுது."

அண்ணன் கோட்டின் கையை உயர்த்திக் காட்டினார்.

"நான் சுத்தமா, வாசனையா போனேன், அது பயந்துடுச்சு. அதோட நாத்தத்தைப் பூசிக்கிட்டுப் போன பிறகுதான் கிட்ட வந்துச்சு. கடவுளும் அவ்வளவு பெரிய மகிமையோட அப்படியே வந்திருந்தா நாமளும் பயந்து ஓடியிருப்போம். அதான் மனுஷனா, நம்ம உடம்பைப் போட்டுக்கிட்டு வந்தாரு. ராஜான்னா அதுதான் போல. ஒப்படைச்சது சாப்பிடற வரைக்கும் கூடவே நிக்கறது. இந்தக் கோட்டுல சாணம் பூசினது நான் இல்ல. அதோ அங்க உட்கார்ந்திருக்காங்களே, அவங்க."

இருநூறு தலைகளும் திரும்பின. காலி பெஞ்சில் தனியாக, கறை படிந்த புடவையோடு, மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் இடத்துக்கு வந்து, வழக்கம் போல ஒரு முழம் தள்ளி உட்காரப் போனார். மனைவி கோட்டின் ஈரமான கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்தது. அவர் காதருகே குனிந்து, "சாயங்காலம் இதை நான் அலசித் தரேன்" என்றார். "வெறும் தண்ணியிலதான்."