ஆயுத பூஜையன்று நின்றுபோன கம்ப்யூட்டர்

முதல் அடி மேசையின் மேல்தான் விழுந்தது. லோரிச் சக்கரம் கழற்றுகிற இரும்பு ஸ்பேனர். மேசைக் கண்ணாடி உடைந்து சிதறியதில் ஒரு துண்டு என் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது அடி எங்கள் பங்குத் தரகரின் முகத்தில் விழுந்தது. அது ஸ்பேனர் அல்ல, வெறும் முஷ்டி. அதற்கே அவர் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

பிள்ளைகளே, கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதித்தால் ‘ச்சே’ என்று சொல்லிவிட்டு நீங்கள் தேத்தண்ணி கலக்கப் போய்விடுகிறீர்கள். அது நின்றுபோனதற்காக மனிதர்கள் அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளுக்கு ஈயம் வைத்துப் பழகிய கை. அந்தக் கையை நம்பித்தான் ஜார்ஜ்டவுனில் ஒரு பங்குச்சந்தை அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்கள் நிற்காமலும் மெதுவாகாமலும் பார்த்துக்கொள்வது என் வேலை. பட்டர்வொர்த்திலிருந்து முதல் பெர்ரிப் படகில் வந்து, மற்றவர்கள் வருவதற்குள் ஒவ்வொன்றையும் திறந்துவிடுவேன். முந்தைய நாளின் விலைக் கோப்புகளை அழிப்பேன். யாராவது விளையாட்டு ஏற்றியிருந்தால் தூக்கி எறிவேன். பின்பக்க விசிறியில் சேரும் தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுவேன். ஒருமுறை கம்ப்யூட்டர் பிளக்கில் ரைஸ் குக்கரைச் சொருகிய ஆளோடு சண்டையே போட்டேன். வயிறு பசித்தால் வெளியே போய்ச் சாப்பிடட்டும், மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் விற்பனை போய்விடும் அல்லவா?

எங்கள் ரெமிசியர், அதாவது வாடிக்கையாளருக்காகப் பங்கு வாங்கி விற்றுத் தருகிறவர், பக்தி மிகுந்த மனிதர். கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது என்று ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவார். மற்ற ஆண்டுகளில் சின்ன மல்லிகைச் சரம்தான். சந்தை சரியத் தொடங்கிய அந்த ஆண்டு பயத்தில் மாலையும் பெருத்துவிட்டது. ஆளுக்குப் போடும் அளவில் செவ்வந்தி மாலை, பெட்டியை முன்னும் பின்னும் சுற்றிக் கட்டியிருந்தார்.

“சார், பின்னால காத்துப் போற ஓட்டைய மாலை அடைச்சிருக்கு. கொஞ்சம் ஒதுக்கட்டா?”

“தொடாத. பூஜை மாலைய அன்னைக்கே கழட்டக் கூடாது.”

“சூடாயிரும் சார்.”

“ஏர்கோன் எதுக்கு ஓடுது? மார்க்கெட் இருக்கிற நெலமையில உனக்கு இதுதான் கவலையா? சும்மா இரு லா.”

காலையிலிருந்தே அலுவலகம் போர்க்களம். எல்லா விலையும் விழுந்துகொண்டிருந்தது. ஒரே தொலைபேசிக்கு இரண்டு பேர் பாய்ந்து, ஒருவன் மற்றவன் காதில் ரிசீவராலேயே அறைந்தான். அறை வாங்கியவன் அவன் கையைக் கடித்தான். பிரித்துவிடப் போன எனக்கு முழங்கையால் ஒரு குத்து.

மதியத்துக்கு மேல்தான் லோரிக்காரர் வந்தார். சிம்பாங் அம்பாட்காரர், எங்கள் ரெமிசியரின் வாடிக்கையாளர். வீடு கட்டுகிற இடங்களுக்கு மணலும் கல்லும் ஏற்றிப் போகிறவர். தம் இரண்டு லோரிகளையும் ஈடு வைத்து, ஒரு கட்டுமானக் கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தார். அன்று சந்தை மூடுவதற்குள் விற்றால் லோரிகள் தப்பும். இல்லையென்றால் மறுநாள் காலையில் கடன் கொடுத்தவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. படியேறும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார்.

ரெமிசியரின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்த லோரிக்காரர் சட்டென்று சிரித்துவிட்டார்.

“விலை விழாம நிக்குது சார்! பாத்தீங்களா? சாமி கண்ணத் தெறந்துட்டாரு.”

“அப்ப விக்கட்டா?” என்று கேட்டார் ரெமிசியர்.

“அவசரப்படாதீங்க லா. நிக்கிறது ஏறும். கொஞ்சம் பொறுங்க.”

நான் எட்டிப் பார்த்தேன். விலை மட்டுமா நின்றிருந்தது? திரையின் மூலையிலிருந்த கடிகாரமும் நின்றிருந்தது. மௌஸை அசைத்தேன், அம்புக்குறி நகரவில்லை.

“அண்ணே, விலை நிக்கல. கம்ப்யூட்டர் நின்னு போச்சு.”

லோரிக்காரருக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து மேசைத் திரைக்குப் போய்ப் பார்த்தார். அதே பங்கு அங்கே அதலபாதாளத்தில் கிடந்தது. “இதுலயே வித்துக் குடு” என்று அந்த மேசைக்காரரை உலுக்கினார். ஒவ்வொரு ரெமிசியரும் தம் வாடிக்கையாளர் பங்கைத்தான் விற்க முடியும், அதுவும் தம் கம்ப்யூட்டரில்தான். அந்த ஆள் அவரைத் தள்ளிவிட்டார். லோரிக்காரர் படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது.

வந்த வேகத்தில் சுவரில் சொருகியிருந்த கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகுதான் மேசையும் முகமும் உடைந்தன. மற்றவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். ரெமிசியரின் கழுத்து டையைக் கையில் சுற்றிக்கொண்டு, அவர் தலையை மேசையோடு அழுத்தினார் லோரிக்காரர்.

“டேய், நீதானே இதைப் பாத்துக்கிற ஆளு? ஓட வை. ஓடலன்னா இவன் மண்டை ரெண்டா போகும்.”

பெட்டியைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. மாலையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் விசிறி ஓட்டைக்குள் செவ்வந்தி இதழ்கள் கூழாகிச் சிக்கியிருந்தன. நான் அறுக்கப் போவது தெரிந்ததும், ரத்தம் வழிகிற வாயோடு ரெமிசியர் முனகினார்.

“அறுக்காத டா... பூஜை மாலை...”

“வாய மூடுயா!” லோரிக்காரர் அவர் தலையை இன்னொரு முறை மேசையில் மோதினார். “நீ அறு தம்பி.”

பல்லால் கடித்து அறுத்தேன். மூடியைக் கழற்றி, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தேன். உடனே போட்டால் மறுபடி நின்றுவிடும், கொஞ்சம் ஆற வேண்டும் என்றேன். அவர் என் விலாவில் ஒரு உதை விட்டார். ஆறவில்லை, வயரைச் சொருகிப் போட்டேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. முறையாக மூடாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால், திறக்கும்போது தன் வட்டு முழுவதையும் தானே சோதித்துப் பார்க்கும். நீலத் திரையில் ஒரு மஞ்சள் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்து முடிய வேண்டும்.

“என்னடா அது, நத்தை மாதிரி ஊருது?”

“வயரப் பிடுங்கிட்டீங்க அண்ணே. எங்க உடைஞ்சிருக்குன்னு அதுவே தேடிப் பாக்குது.”

“என் வீட்டுல உடைஞ்சதத் தேடச் சொல்லுடா!”

ஸ்பேனர் என் தலைக்கு மேலே ஆடியது. அந்தக் கோட்டைப் பார்த்து நான் கும்பிட்டதுபோல் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. கோடு முடிந்தது. விலைகள் ஓடத் தொடங்கின. ஓட்டம் நன்றாகவே இருந்தது. டையை விட்டதும் ரெமிசியர் விற்பனையைத் தட்டினார். கீபோர்டு எழுத்துகளின் மேல் ரத்தம் சொட்டியது. ஆணை போய்ச் சேர்ந்தது.

திரையில் விற்பவர் பக்கம் எண்கள் குவிந்து கிடந்தன. வாங்குபவர் பக்கம் ஒரு பூஜ்யம்.

“மறுபடி நின்னு போச்சா?”

“இல்லண்ணே. கடிகாரத்தப் பாருங்க, நொடி ஓடுது. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் விக்கல?”

“வாங்க ஆளே இல்லண்ணே.”

அவர் அந்தப் பூஜ்யத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார், அழுக்கு ஒட்டியிருப்பதுபோல. சந்தை மூடும்வரை அது மாறவேயில்லை. விலைகள் எல்லாம் அப்படியே நின்றன, இந்த முறை உண்மையாகவே. அவர் ஸ்பேனரை ஓங்கியபோது ரெமிசியர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யோசித்தெல்லாம் இல்லை, என் கை தானாக நடுவில் போய்விட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

லோரிக்காரர் தொங்கும் என் கையைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே போட்டார். ரெமிசியர் போலீசுக்குத் தொலைபேசி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். லோரிக்காரர் அதைக் கண்டுகொள்ளாமல் என் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிப் படியிறக்கினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் தம்பி. ஏறு.”

மணல் லோரி. டத்தோ கிராமாட் சாலையில் வேலை விட்டு வரும் மோட்டார்சைக்கிள் கூட்டம். ஹோர்னை அழுத்திய கையை அவர் எடுக்கவேயில்லை. ஓரமாக நின்ற ஒரு காரின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனோம். நான் வலியில் கத்தினேன், அவர் அழுதுகொண்டே எல்லோரையும் திட்டினார்.

“மெதுவாப் போங்கண்ணே, லோரி இடிபடுது!”

“இடிபடட்டும்,” என்றார். “காலைல வரைக்கும் இது என் லோரிதான்.”