கடைசி வரிசைப் பூவரசுகள்

தொடையளவு ஆழமான குழிக்குள் நின்றபடியே மேஸ்திரியம்மா கையை நீட்டி என்னிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார். மண் என்று நான்தான் சொல்கிறேன். மேலே ஒரு அடிக்குச் செம்மண் பரப்பியிருந்தார்கள். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஈரத்தில் சேறுபோல ஒட்டியது, காய்ந்ததும் விரலிடுக்கில் மாவாகப் பறந்தது. "இது மண்ணு இல்ல சார், நெலக்கரி சாம்பலு. இதுல நீ செடி வெச்சியானா கருமாதிதான் பண்ணணும்," என்றார். சார் என்பார், அடுத்த சொல்லிலேயே நீ என்பார். இரண்டிலும் மரியாதைக்குக் குறைவிருக்காது.

திருவொற்றியூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. மரம் நடுவதுதான் தொழில். தொழிற்சாலைகள் தங்கள் வளாகத்தில் இத்தனை மரம் வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. அவர்களுக்காக நாங்கள் நட்டுக் கொடுப்போம். புரட்டாசியில் குழி, ஐப்பசி மழையோடு நடவு, மார்கழி பிறந்தால் சீசன் முடிந்தது. நான் சூப்பர்வைசர். மேஸ்திரியம்மா எட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு எண்ணூரிலிருந்து வருவார். ஆற்றுச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த குடும்பம். ஆற்றில் ஒன்றும் கிடைக்காமல் போன பிறகு கடப்பாரையைப் பிடித்தவர். சேற்றைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது.

அந்த வேலை மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மதிலோரம், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மேடாக்கிய இடம். அறுநூறு கன்றுகள். குழியைப் பார்த்த அன்றே அவர் ஒரு வழி சொன்னார். இன்னும் ஆழமாகத் தோண்டிச் சாம்பலை வாரி வெளியே போட வேண்டும், ஏரி வண்டல் கொண்டுவந்து நிரப்ப வேண்டும், உப்புக்காற்று தாங்கும் பூவரசும் புங்கனும் வைக்க வேண்டும். அறுநூறு முடியாது, முந்நூறு வைக்கலாம், முந்நூறும் நிற்கும். நான் அதை அப்படியே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கம்பெனி தொடங்கிய புதிதில் தன் ஸ்கூட்டரில் குடம் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றியவர். "எண்ணிக்கை ஒப்பந்தத்துல இருக்குய்யா. பாதிய நட்டுட்டுப் போனா எவன் கையெழுத்துப் போடுவான்? நடுறது நம்ம வேலை, வளர்றது அது வேலை," என்றார். போட்டோவில் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆளுயர அலங்காரக் கன்றுகளை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார். திரும்பி வந்து மேஸ்திரியம்மாவிடம், முதலாளி சொன்னபடியே நடுங்கள் என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

ஆனால் கடைசி வரிசையில் வேலை இழுத்துக்கொண்டே போனது. பதினேழு குழிகளுக்கு இரண்டு நாளா என்று கத்தினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாம்பலை முழுக்க வாரி எடுத்திருந்தார்கள். எங்கிருந்தோ மூட்டைகளில் வண்டல் வந்திருந்தது. உள்ளே பூவரசுக் கன்றுகள், கட்டைவிரல் கனம்கூட இல்லை. "அறுநூறுல பதினேழு. இதையாவது ஒழுங்கா செஞ்சோம்னு இருக்கட்டும் சார்," என்றார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த சீசன் முழுக்க என்னுடைய நேர்மை அந்த அளவில்தான் இருந்தது.

நடவு முடிந்ததும் விழா வைத்தார்கள். ஷாமியானா, சிவப்புக் கம்பளம், பிளாஸ்டிக் நாற்காலிகள். தொழிற்சாலையின் பெரிய அதிகாரி புது மண்வெட்டியால் மூன்று முறை மண் தள்ளினார். கூலிப் பெண்களையும் படத்தில் நிற்கச் சொன்னார்கள். படம் எடுத்து முடித்ததும் அவர் மேஸ்திரியம்மா பக்கம் திரும்பி, "நல்லா வளருமாம்மா?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல அது. மேஸ்திரியம்மா பதில் சொன்னார். "எங்க சார் வளரும்? பொங்கல் வரிக்கும் தாங்கும். அடியில பூரா சாம்பலு கீது. உங்க ஆளுங்களுக்கே தெரியுமே." யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. நான் கம்பளத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆமாம் சார், அவர் சொல்வது உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணை இனி வளாகத்துக்குள் அனுப்ப வேண்டாம். அதைச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. வேலை குறைந்துவிட்டது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று ஏதோ உளறினேன். "நீ எதுக்கு சார் பொய் சொல்லிகினு கஸ்டப்படுறே," என்றார் மேஸ்திரியம்மா. "அந்தக் கடைசி வரிசைக்கு மட்டும் தண்ணி ஊத்திடு. மத்தது எப்புடியும் போவப் போவுது."

அதை மட்டும் செய்தேன். டேங்கர் வரும் நாட்களில் டிரைவரிடம் சொல்லி முதலில் கடைசி வரிசைக்கு விடச்சொல்வேன். மற்ற வரிசைகளுக்குப் பாதி நாள் தண்ணீர் எட்டாது. மாசியில் இலைகள் ஓரம் கருகின. சித்திரையில் மதிலோரம் முழுக்கக் காய்ந்த குச்சிகள் நின்றன. புரட்டாசியில் அதே தொழிற்சாலை, பட்டுப்போனவற்றை மாற்றி நட எங்களையே கூப்பிட்டது. அதே குழிகளில், அதே சாம்பலில், அதே ஜாதிக் கன்றுகளை நட்டோம். "குழி வேலை மிச்சம்," என்றார் முதலாளி. நட்டது பிழைத்துவிட்டால் எங்களுக்கு அடுத்த சீசன் இல்லை என்பதை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன். உணர்ந்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் வீட்டில் இருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.

பூவரசுகளில் பதினொன்று நின்றன. மூன்றாம் வருடம் மதிலுக்கு மேலே தலை தூக்கி, மஞ்சள் பூ விட்டன. போன வருடம் தொழிற்சாலை சாலையைப் பார்த்தபடி ஒரு பெரிய பலகை வைத்தது. 'பசுமை வளாகம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மரத்தின் படம். பூவரசுகள் அதை மறைக்கின்றன, எடுத்துவிடுங்கள் என்று இந்த வருடம் எங்களுக்கே கடிதம் வந்தது. நான் முடியாது என்றேன். முதலாளி என்னிடம் வாதாடவில்லை. வேறு ஆட்களை ரம்பத்தோடு அனுப்பினார். முதல் மரம் சாயும்போது நான் கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மேஸ்திரியம்மாவைத் தேடிப் போனேன். எண்ணூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டி நின்றது. "நீ இன்னா பண்ணே?" என்று கேட்டார். முடியாதுன்னு சொன்னேன் என்றேன். "வேரோட தோண்டிட்டாங்களா, மேலால அறுத்தாங்களா?" எனக்குத் தெரியவில்லை. முடியும்வரை நான் அங்கே நிற்கவில்லை. அவர் முகத்தில் வந்த வெறுப்பு அந்தத் தொழிற்சாலையின் மேலோ அதிகாரியின் மேலோ இல்லை. "பாக்கக்கூட இல்லியா நீ?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு மீன் கட்டிக் கொடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் அறுத்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் விளக்குக் கம்பங்கள் நடுவதற்காக ஏழு அடிமரங்களை இயந்திரம் வந்து பிடுங்கிப் போட்டது. மீதி நான்கையும் பிடுங்கினால் இந்த வருட நடவுப் பட்டியலில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் எங்கள் பில்லுக்குப் பணம் வராது. முதலாளி கையிலிருந்த பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு இயந்திரத்தைப் போகச் சொன்னார்.

போன வாரம் மூன்று துளிர்த்திருந்தன. எண்ணூருக்குப் போய் அதைச் சொன்னபோது, பாராட்டை எதிர்பார்த்துத்தான் நின்றேன் போலிருக்கிறது. மேஸ்திரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நாலாவது இன்னாச்சி?"

"தெரியல மேஸ்திரிம்மா. பட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காத. நாளிக்கி நானே வந்து பட்டையக் கீறி உள்ள பச்ச கீதான்னு பாக்குறேன். கேட்டாண்ட செக்யூரிட்டி யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"எங்க மேஸ்திரின்னு சொல்றேன்."

"சத்தமா சொல்லணும்," என்றார்.