விஜயா கேட்காமல் விட்ட கேள்வி

போன கிருத்திகையன்று எங்கள் ஊர் பிசியோதெரபி கிளினிக்கில் ஒருவர் மயங்கி விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். அவர் விழுந்ததில் எனக்கும் பங்கு உண்டு... இது என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

முதலில் என் தோள்பட்டையைச் சொல்லிவிடுகிறேன். இடது கையைத் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டுவதே பெரும்பாடு. டாக்டர் பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார். திருத்தணியில் எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டே கிளினிக். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததற்குப் போனேன்.

அங்கே அசிஸ்டெண்ட், விஜயா. கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். கையைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்வாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இன்றைக்குப் போட்டாச்சா? எத்தனை மணிக்கு? டிபன் ஆச்சா? — தினமும் கேட்பாள். எல்லோரிடமும் கேட்பாள்.

மூன்றாம் நாள் என் பொறுமை போய்விட்டது.

"தோள் வலிக்கு வந்தவன்கிட்ட பி.பி. மாத்திரையைப் பத்தி எதுக்கும்மா?"

"அதுக்கில்லீங்க சார். பி.பி. மாத்திரை போட்டுகினு படுத்திருக்கறவங்க சட்டுனு எழுந்தா தலை சுத்தும். வலி மாத்திரை போட்டுகினு வந்தீங்கன்னா, நான் கையை எவ்ளோ தூக்கினாலும் வலிக்கலைன்னு சொல்வீங்க. உள்ள என்ன ஆவுதுன்னே எனக்குத் தெரியாமப் பூடும். மருந்து நாங்க குடுக்கறதில்ல சார். ஆனா மருந்து வேலை செஞ்சுகினு இருக்கற உடம்பைத்தானே பிடிக்கறோம்?"

எவ்வளவு சரியான பதில்! ஆனால் எனக்கு வந்தது எரிச்சல்தான்.

நம் ஆட்களைப் பாருங்களேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் நாலு கலரில் மாத்திரை வாங்கி விழுங்குவோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். இதற்கென்றே படித்த ஒரு பெண் கேள்வி கேட்டால் மட்டும்... இவளுக்கு என்ன தெரியும்?

கிளம்பும்போது கிளினிக் முதலாளியிடம் — அவர்தான் பிசியோதெரபிஸ்ட் — சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். "உங்க அசிஸ்டெண்ட் கூடிய சீக்கிரம் தனியா போர்டு மாட்டிடுவாங்க போலிருக்கே சார்!"

அவர் சிரிக்கவில்லை. என் எதிரிலேயே விஜயாவைக் கூப்பிட்டார். "எக்சர்சைஸ் குடுக்கறது உன் வேலை. மாத்திரைக் கதையெல்லாம் உனக்கு எதுக்கு? இனிமே யாரையும் கேக்காத."

"ஆங் சார்" என்றாள். நோட்டு மேஜை டிராயருக்குள் போனது. மறுநாளிலிருந்து எனக்குப் பத்து நிமிடம் மிச்சம். சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம் வந்தது கிருத்திகை. கனகம்மாசத்திரத்திலிருந்து முனிரத்தினம் என்பவர் வந்திருந்தார். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற மனிதர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள். மாதாமாதம் கிருத்திகை விரதம். சாமியைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. காலையில் எக்சர்சைஸை முடித்துக்கொண்டு, மகனோடு ஆட்டோவில் மலைக்குப் போவதாகத் திட்டம்.

விரதத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. சோறு கூடாது, டிபன் கூடாது. மாத்திரை? அது சாப்பாட்டில் சேராது. ஆகவே வழக்கமான சுகர் மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு வந்திருந்தார். மாத்திரை சர்க்கரையை இறக்கும். சைக்கிள் மிதித்தால் இன்னும் இறங்கும். ஏற்றுவதற்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை.

ஓடாமல் நின்ற இடத்திலேயே மிதிக்கிற அந்த சைக்கிளில் உட்கார்ந்து ஏழெட்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது. பக்கத்துக் கட்டிலில் என் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்த விஜயா பார்த்துவிட்டு ஓடினாள். அதற்குள் அவர் சரிந்து, நெற்றி இரும்புக் கம்பியில் இடித்துவிட்டது.

"நைனா, காலையில சாப்டீங்களா?"

"கிருத்திகைம்மா..."

"சுகர் மாத்திரை?"

"அத... போட்டுகினுதான் வந்தேன்."

அவருக்கு நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்தார். உயிர் பிழைத்தது அவளால்தான்.

வெளியே இருந்த மகன் ஓடிவந்தார். "எங்க நைனாவை சைக்கிள்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? என்ன கிளினிக் நடத்தறீங்க?"

முதலாளி விஜயாவைப் பார்த்தார். "அசிஸ்டெண்ட்தாங்க கேட்டிருக்கணும். தப்பு அவ மேல. நாளையிலருந்து அவ வரமாட்டா."

எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டே கிளினிக் உள்ள ஊரில், இங்கே கெட்ட பெயரோடு போனால் அங்கே யார் சேர்ப்பார்கள்? விஜயா என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

முனிரத்தினத்தின் மகனும் என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் ஆறு நாள் சிகிச்சை பாக்கி இருந்தது. "நான் கண்ணை மூடிக்கிட்டு படுத்திருந்தேன்... சரியா கவனிக்கலை" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் பக்கம் பக்கமாகப் பேசுகிறவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது!